பவானி வெள்ளமா, நொய்யல் வெள்ளமா?

காவிரியில் கலக்கும் இந்த இரண்டில் பவானிதான் பெரிய ஆறு. ஆனால் எனக்குப் பயம் நொய்யலை நினைத்துத்தான்.

நீலகிரியில் பிறந்து கேரளாவின் அட்டப்பாடி வழியாக வரும் பவானிக்கு 1955 முதல் பவானிசாகர் அணை காவல். நீர்மட்டம் 105 அடியை நெருங்கினால் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும். மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போக நேரம் கிடைக்கும்.

நொய்யல் அப்படியல்ல. வெள்ளியங்கிரி மலையில் மழை கொட்டினால் செந்நீராகப் பாய்ந்து வரும். அதை வாங்கிக்கொள்ளத்தான் முன்னோர் கோவையில் உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர் என்று குளம் குளமாக வெட்டி வைத்தார்கள். அந்தக் குளங்களுக்குப் போகும் வாய்க்காலில் வீட்டைக் கட்டி, குப்பையையும் கொட்டினால் தண்ணீர் தெருவுக்குத்தானே வரும்? திருப்பூருக்குக் கீழே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலோ சாயக்கழிவு தேங்கி, பாசனமே பாழானது. நொய்யலுக்கு இன்னோர் அணை வேண்டாம். மழைக்கு முன்னால் குளத்து வாய்க்கால்களைத் தூர்வாருங்கள்.