ஆடியோ ஸ்விட்சும் லீனியர் சப்ளையும்: வேலந்தாவளத்தில் போட்டுக் கேட்டது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டு தெளிவாகும் என்று சொல்லி ஐம்பதாயிரத்தை ஒட்டிய விலையில் விற்கிற ‘ஆடியோ’ நெட்வொர்க் ஸ்விட்ச் (லேன் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி) என் வீட்டில் பாட்டை ஒரு துளிகூட மாற்றவில்லை. அதோடு ஜோடியாக வாங்கச் சொன்ன லீனியர் பவர் சப்ளையை (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த அடாப்டர்) ஸ்விட்சுக்குக் கொடுத்தபோது அதுவும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதே சப்ளையைக் கழற்றி வேறோர் இடத்தில் கொடுத்தபோது வித்தியாசம் நன்றாகவே கேட்டது. அந்த இடம் எது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேமரா மாட்டுகிறவன். வீடு வேலந்தாவளம், பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம். இந்தப் பக்கம் வண்ணாமடை, கோழிஞ்சாம்பாறை, பார்டர் தாண்டினால் கே.ஜி. சாவடி, பொள்ளாச்சி ரோடு என்று தோப்பு வீடு, கோழிப்பண்ணை, அரிசி மண்டி எங்கே கூப்பிட்டாலும் போய் லேன் வயர் இழுத்துக் கொடுப்பேன். ஸ்விட்ச் என்பது எனக்குத் தினமும் கையில் புழங்குகிற சாமான். பல்லியும் எறும்பும் குடியிருக்கிற பெட்டிக்குள் வருஷக்கணக்கில் ஓடுகிற ஸ்விட்சுகளைப் பார்த்தவன் என்பதால், அந்தச் சாமானுக்கு இவ்வளவு விலை சொன்னதும் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் கேட்காமல் சொல்லக் கூடாது இல்லையா.

என் செட் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ராஸ்பெரி பை 4 என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் (இனி வெறும் ‘பை’), அதில் எம்பிடி என்கிற பாட்டு ஓட்டும் மென்பொருள். யூஎஸ்பியில் ஒரு சின்ன டாக் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றுகிற பெட்டி), அதிலிருந்து ஆர்சிஏ வயர் வழியாக ஒரு பழைய ஆம்ப், ஒரு ஜோடி ஷெல்ஃப் ஸ்பீக்கர். அப்பா சேர்த்து வைத்த சிடிகளையெல்லாம் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைல்களாக ஆக்கி உள்ளறை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன். புதிதாக வருவதெல்லாம் இணையத்திலிருந்து.

கோவைக் கடையில் இருந்த தம்பி நல்ல பேச்சுக்காரர். “அண்ணா, ரூட்டர்ல இருந்து வர்றது கலங்கல் தண்ணி மாதிரிங்ணா. இந்த ஸ்விட்ச் ஃபில்டர். மாட்டிக் கேளுங்க, உங்களுக்கே தெரியும்” என்றார். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினார். இந்த ஏற்பாடு உண்மையிலேயே பாராட்டத்தக்கது. இந்த மாதிரிச் சாமானை வீட்டில் வைத்துக் கேட்காமல் யாரும் வாங்கக் கூடாது.

சாமான் செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. கனமான அலுமினியப் பெட்டி, அடியில் மெத்தென்ற கால்கள், எட்டு போர்ட். ஜாக் நுழையும்போது ‘டக்’ என்று உட்காருகிறது. விளக்குகளை அணைத்துவைக்க ஒரு பொத்தான், அதை எல்லா ஸ்விட்சிலும் வைத்திருக்கலாம். உள்ளே சூடேற்றி நிலையாக வைத்த கிரிஸ்டல் கடிகாரம் இருக்கிறது, அதனால் ‘ஜிட்டர்’ (நேரத் தடுமாற்றம்) குறையும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. திருகின் மேல் சீல் ஒட்டியிருந்ததால் திறந்து பார்க்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் அல்லவா.

அந்தக் கடிகாரக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் விலையில் பாதி அதற்குத்தான். சிடி தரத்துப் பாட்டு என்றால் வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் வினாடிக்கு 1,76,400 பைட். லேன் வயரில் ஒரு பாக்கெட்டுக்கு 1,460 பைட் ஏறும் என்று வைத்தால், அதில் 8 மில்லிவினாடிக்கான பாட்டு இருக்கிறது. கிகாபிட் வயரில் அந்தப் பாக்கெட் கடந்து போக ஆகிற நேரம் சுமார் 12 மைக்ரோவினாடி. அதாவது பாட்டு வயரில் தாளத்தோடு நடந்து வருவதில்லை. மூட்டை மூட்டையாக வந்து விழுகிறது. நடு நேரமெல்லாம் வயர் சும்மா கிடக்கிறது. தாளம் பிடிப்பது கடைசியில் டாக்குக்குள் இருக்கிற கடிகாரம் மட்டும்தான். இப்போது வருகிற யூஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் தன் வேகத்துக்குத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிற ரகம். ஸ்விட்சின் கடிகாரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தத் துல்லியம் டாக் வரை போய்ச் சேர வழியே இல்லை.

சரி, வழியில் பிட் கெட்டுப்போனால்? ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் உண்டு. பொருந்தவில்லை என்றால் அந்தப் பாக்கெட் குப்பைக்குப் போகும், டிசிபி என்கிற நெட்வொர்க் விதிமுறை மறுபடி கேட்டு வாங்கும். அதையும் மீறித் தகராறு என்றால் பாட்டு வெட்டும், நிற்கும். ‘மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கலாக இருக்கிறது’ என்கிற மாதிரிக் கோளாறு இந்த வழியில் வரவே வராது. ஒரு ஃபிளாக் ஃபைலை என் 1,500 ரூபாய் ஸ்விட்ச் வழியாகவும் இந்தப் புதுப் பெட்டி வழியாகவும் பையில் இறக்கி, எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டுப் பார்த்தேன். கடைசி எழுத்து வரை ஒன்றே.

இதையெல்லாம் நம்பாதவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பாட்டு ஓடும்போது லேன் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பாட்டு உடனே நிற்காது. எம்பிடி பாட்டை விரித்து 4 மெகாபைட் அளவுக்கு முன்கூட்டியே நினைவகத்தில் நிரப்பி வைத்துக்கொள்ளும். யாரும் மாற்றாவிட்டால் அதுதான் அளவு. சிடி தரத்தில் அது 23 வினாடிக்கு மேல் ஓடும். அந்த நேரத்தில் ஸ்விட்சும் இல்லை, ரூட்டரும் இல்லை, உள்ளறை கம்ப்யூட்டரும் இல்லை. இப்போது ஒலி திடீரென்று சுத்தமாகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். வயரே இல்லாதபோது வராத தெளிவு ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியால் எப்படி வரும்?

காதுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க, சித்தூரிலிருந்து மாஷைக் கூப்பிட்டேன். ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர். ஓய்வுபெற்ற வாத்தியார், கச்சேரிப் பைத்தியம், என்னைவிட நல்ல காது. புதுப் பெட்டியை மேசைமேல் வைத்து மாட்டியதுமே, “தம்பி, திரை விலகின மாதிரி இருக்கு, தம்பூரா தனியா நிக்குது” என்றார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. அதற்கப்புறம் இரண்டு ஸ்விட்சையும் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வயர் மாற்றுகிற வேலையை என் மனைவியிடம் கொடுத்தேன். காசு சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் புதுசு, தலை விழுந்தால் பழசு. தாளில் குறித்துக்கொள்வது அவள் பொறுப்பு. மாற்றுகிற நேரத்தில் பாட்டு நிற்காது என்பதால் எப்போது மாறியது என்றே எங்களுக்குத் தெரியாது, அதுதான் இந்தச் சோதனையின் சௌகரியம்.

தனி ஆவர்த்தனத்தைத்தான் போட்டோம். மிருதங்கம் மாதிரிக் குறையைக் காட்டிக்கொடுக்கிற வாத்தியம் கிடையாது. வலந்தலையின் (வலது முகம்) சாப்பு கொஞ்சம் கூர் மழுங்கினாலும் தெரியும், தொப்பியில் (இடது முகம்) கும்கி இழுக்கும்போது அடி ஸ்தாயி வீங்கினாலும் தெரியும். மாஷ் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொடையில் எண்ணிக்கொண்டே ‘புதுசு’, ‘பழசு’ என்று சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் அலமாரிக்குப் பின்னாலிருந்து, “ஏனுங்க, இன்னும் எத்தனை வாட்டி மாத்தறது? அடுப்புல பால் இருக்கு” என்று குரல் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டோம். தாளைப் பார்த்தால் மாஷுக்கும் எனக்கும் காசு சுண்டியதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை. பாதி சரி, பாதி தப்பு.

மிருதங்க மேதை மணி ஐயரின் பெயரில் ஒட்டிக்கொண்ட பாலக்காட்டில் இந்தக் கூத்து நடக்கிறது என்று மாஷே சொல்லிச் சிரித்தார். மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக நின்றவர் பாலக்காடு மணி ஐயர். இருந்தும் மாஷ் அந்தப் பெட்டியை ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். “அதென்னமோ, இது மேசைமேல இருந்தா எனக்கு நல்லாருக்கு” என்றார். அவர் காசு, அவர் மேசை. எனக்குத் தகராறு இல்லை.

இனி பவர் சப்ளை. இதில்தான் விஷயம் இருக்கிறது.

சாதாரண இரண்டு பின் அடாப்டர்களில் மெயின்ஸ் பக்கத்துக்கும் டிசி பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். வேறு இரைச்சலை அடக்க அது தேவை. ஆனால் அதன் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கரன்ட் கசிந்துகொண்டே இருக்கும். லேப்டாப்பின் உலோகப் பக்கத்தை விரல் நுனியால் தடவினால் நெறுநெறு என்று இருக்குமே, அதுதான். என் பையின் அடாப்டரில் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை ஏசியில் வைத்தால் 100 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறது. பயப்பட வேண்டாம், அதற்குப் பின்னால் பலம் இல்லை. ஆனால் அந்தக் கசிவு பையிலிருந்து யூஎஸ்பி வழியாக டாக்குக்கும், அங்கிருந்து ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னல் வழியாக ஆம்பின் எர்த்துக்கும் போகிறது. ஆர்சிஏவில் சிக்னலுக்குத் திரும்பு பாதையும் அதே பின்னல்தான். அதனால்தான் ஸ்பீக்கர் அருகே காதை வைத்தால் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்.

புதுச் சப்ளையில் 5 வோல்ட், 12 வோல்ட் என்று இரண்டு அவுட்புட். 12 வோல்ட்டை ஸ்விட்சுக்குக் கொடுத்தேன், ரீங்காரம் அப்படியே இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. லேன் போர்ட் ஒவ்வொன்றிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, ஈதர்நெட் தரப்படி 1,500 வோல்ட் சோதனையைத் தாங்க வேண்டும். சாதாரண யூடிபி (உலோக ஷீல்டு இல்லாத) வயர் வழியாக ஸ்விட்சின் அழுக்கு இந்தப் பக்கம் வருவது கடினம். 5 வோல்ட்டைப் பைக்குக் கொடுத்தேன். ரீங்காரம் சட்டென்று இறங்கிவிட்டது. கற்பனை இல்லை: டாக்கின் அவுட்புட்டைக் கம்ப்யூட்டரில் பதிந்து வரைபடமாகப் பார்த்தாலும் 50 ஹெர்ட்ஸ் முள் குட்டையாகிவிட்டது. ஸ்விட்சை மாற்றியபோது அந்த வரைபடம் அசையவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கடைத் தம்பி ‘இதையும் போட்டுப் பாருங்கண்ணா’ என்று கொடுத்த ஷீல்டு போட்ட லேன் வயர் இருக்கிறதே, உலோக ஜாக் வைத்தது, அதை மாட்டியதும் போன ரீங்காரம் திரும்பி வந்தது. ஸ்விட்சின் பெட்டியையும் பையின் கிரவுண்டையும் அந்த ஷீல்டு உலோகத்தால் இணைத்துவிட்டது. லேன் போர்ட்டின் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிக் காத்த பிரிவினை போயிற்று, கிரவுண்ட் லூப் (எர்த் வழியாகக் கரன்ட் சுற்றும் வளையம்) ஆயிற்று. வேலைக்கு வைத்திருந்த கேட் 6 யூடிபி வயரைக் கிரிம்ப் பண்ணி (ஜாக் பொருத்தி) மாட்டினேன், அமைதி.

லீனியர் சப்ளையிலும் நம் ஊருக்கு ஒரு வினை உண்டு. இங்கே கிழக்குப் பாலக்காட்டில் மழை குறைவு, எல்லாம் போர்வெல் விவசாயம். சாயங்காலம் தோப்புகளில் வரிசையாக மோட்டார் போட்டால் வோல்டேஜ் 180க்கு வந்து நிற்கும். மட்டமான அடாப்டருக்குக் கூட 100 முதல் 240 வரை எதுவும் சம்மதம். லீனியர் அப்படி இல்லை. உள்ளே வருகிற வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் வோல்டேஜை நிலையாக வைக்கிற ரெகுலேட்டர் கைவிட்டுவிடும். 4.63 வோல்ட்டை ஒட்டி இறங்கினால் பை ‘வோல்டேஜ் பற்றவில்லை’ என்று பதிவு எழுதும். சாயங்கால நேரத்துப் பதிவுகளைப் பார்த்தால் அதுதான் நிறைந்திருந்தது. ஸ்டெபிலைசர் வைத்த பிறகுதான் சரியானது. கரன்ட் போய் என் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டால் சப்ளையின் டிரான்ஸ்ஃபார்மரே உறுமுகிறது. ஒலியைச் சுத்தம் செய்ய வந்த பெட்டி சோபா வரை கேட்கிற மாதிரி உறுமினால் என்ன செய்ய? சைன் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆக, ஸ்விட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தம்பி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். ஷீல்டு வயரையும் கொடுத்துவிட்டேன். சப்ளையை மட்டும் காசு கொடுத்து வைத்துக்கொண்டேன், ஸ்விட்சுக்கு அல்ல, பைக்கு. உங்கள் செட்டில் ரீங்காரமே இல்லை என்றால் அதுவும் வேண்டாம். முதலில் பிளக் பாயின்ட்டில் எர்த் துளைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று ஆளை வைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் பல வீடுகளில் துளை மட்டும்தான் இருக்கும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.

லேன் பாதையில் ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று கை அரித்தால் ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டரும் (லேன் சிக்னலை ஒளியாக்கித் திருப்பும் பெட்டி) நடுவில் ஒரு துண்டு ஃபைபரும் போடுங்கள். இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடியும். கண்ணாடி இழையில் கரன்ட் போகாது, எந்த ஆடியோ ஸ்விட்சும் இதைவிடப் பிரித்து வைக்க முடியாது. பாட்டு நன்றாகும் என்று நான் சொல்ல மாட்டேன். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் கேமரா வயர் வழியாக வந்து போர்ட் கருகிப் போவதை வேலையில் அடிக்கடி பார்க்கிறேன், அந்த 1,500 வோல்ட் பாதுகாப்பெல்லாம் இடிக்கு முன்னால் நிற்காது. அதற்காகவே நான் போட்டிருக்கிறேன். ஒற்றை ஃபைபர் ரகம் வாங்கினால் ஒன்று ‘ஏ’, ஒன்று ‘பி’ என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே எழுத்தாக வந்தால் லிங்க் விளக்கு எரியாது.