தெப்பக்குளம் பக்கத்துப் பறவைக் கடை: பறவை சரி, கூண்டு?

லவ் பேர்ட்ஸ், காக்கட்டீல் கிளி எல்லாம் நல்ல அழகு, விலையும் நியாயம்தான், ஆனால் கூண்டின் அடித்தட்டில் காய்ந்து கிடந்த எச்சத்தைக் கடைப் பையன் முகக்கவசம்கூட இல்லாமல் வறண்ட துடைப்பத்தால் கூட்டியதைப் பார்த்ததும் பகீரென்றது. பறவையிடமிருந்து நமக்குத் தொற்றுகிற கிளிக் காய்ச்சல் கிருமி அந்தத் தூசியோடுதான் மூச்சில் போகும், கிருமி உள்ள பறவை பார்க்க நன்றாகவே இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்தால் தூசி பறக்காது, இவ்வளவுதானே வேலை! புதுப் பறவைகளையும் பழையவற்றோடே அடைக்கிறார்கள், 30 நாளாவது தனியே வைக்க வேண்டாமா? சொன்னதைக் கடைக்கார அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அது பிடித்தது. இங்கே வாங்கினால் தனிக் கூண்டில் வையுங்கள். அப்புறம் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் பறவை வளர்ப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், டாக்ஸிசைக்ளின் மாதிரி மருந்தில் குணமாகிற நோய்தான்.