வேலையிலிருந்து நீக்கப்பட்ட நர்ஸ்: மறைப்பதா, மழுப்புவதா, சொல்லிவிடுவதா?

முந்தைய மருத்துவமனையில் வேலை போனது. புது இடத்தில் விண்ணப்பிக்கும்போது அதை என்ன செய்வது?

மறைப்பது முதல் வழி. புரொபேஷனில் இரண்டு மாதம் மட்டும் இருந்த வேலையை ரெஸ்யூமேயில் விட்டுவிடலாம், தவறில்லை. எதைக் காட்டுவது என்று ரெஸ்யூமேயில் நாம்தான் முடிவுசெய்கிறோம். விண்ணப்பப் படிவம் அப்படியல்ல. 'இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்' என்று கேட்டுவிட்டு, கடைசியில் 'மேற்கண்டவை உண்மை' என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்ளும். சேர்ந்து ஒரு வருடம் கழித்து விஷயம் வெளிவந்தாலும், அந்தக் கையெழுத்தைக் காட்டியே அனுப்பிவிடலாம். தவிர, மூன்று வருட ஐசியூ வேலையை மறைத்தால் அந்த அனுபவமும் கணக்கில் வராது.

'சொந்தக் காரணங்களுக்காக விலகினேன்' என்று மழுப்புவதுதான் எனக்குத் தெரிந்து மூன்றிலும் மோசம். பழைய இடத்து ஹெச்.ஆர். பல சமயம் கதையெல்லாம் சொல்லமாட்டார். சேர்ந்த தேதி, விட்ட தேதியோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் 'மறுபடி எடுப்பீர்களா?' என்று கேட்டு 'இல்லை' என்று பதில் வந்தால் குட்டு உடைந்துவிடும். மருந்தில் ஒருமுறை தவறிய நர்ஸுக்கு இன்னொரு வாய்ப்பு தர ஆள் உண்டு. படிவத்தில் பொய் எழுதியவர் நாளை நோயாளியின் சார்ட்டில் என்ன எழுதுவாரோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் யாரும் தரமாட்டார்கள். (ராஜினாமா கடிதம் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தால் கதை வேறு. பதிவேட்டில் 'ராஜினாமா' என்றுதான் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

சொல்லிவிடுவதிலும் ஒரு சிக்கல்: பலர் அளவில்லாமல் சொல்கிறார்கள். படிவத்தில் 'பணிநீக்கம், நேரில் விளக்குகிறேன்' போதும். இன்டர்வியூவில் நாலைந்து வாக்கியம்: "இன்சுலின் டோஸை இன்னொரு நர்ஸிடம் சரிபார்க்காமல் போட்டுவிட்டேன். தெரிந்ததும் நானே டாக்டரிடம் சொன்னேன். நோயாளிக்குப் பாதிப்பில்லை, எனக்கு வேலை போனது. இப்போது எவ்வளவு அவசரமென்றாலும் இன்னொருவர் பார்க்காமல் ஊசியை எடுப்பதில்லை." அதோடு நிறுத்துங்கள். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை, இன்சார்ஜ் சிஸ்டருக்கு என்மேல் கோபம் என்று ஆரம்பித்தால், உண்மையாகவே இருந்தாலும், எதிரே இருப்பவர் காதில் சாக்காகத்தான் விழும்.

'உங்கள் நர்சிங் பதிவின்மீது ஒழுங்கு நடவடிக்கை உண்டா?' என்பது தனிக் கேள்வி. அது நர்சிங் கவுன்சிலில் இருக்கும் உங்கள் பதிவைப் பற்றியது. வேலை போனதாலேயே பதிவின்மேல் நடவடிக்கை என்று ஆகிவிடாது. பயத்தில் அங்கேயும் 'ஆம்' போட்டுவிடாதீர்கள்.