பினாங்கு ஜார்ஜ்டவுன் மாடி ஸ்டாம்ப் கடை: பச்சை ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது. வாசலில் சரியான போர்டுகூடக் கிடையாது. கீழே பாத்திரக் கடை, பக்கவாட்டில் செங்குத்தான மரப்படி. முட்டி வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். நடத்துபவர் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர், எல்லோரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார். மலாயா, பிரிட்டிஷ் காலனி ஸ்டாம்புகளெல்லாம் மற்ற இடங்களிலும் கிடைக்கும். இங்கே போவது அவருடைய பச்சை ஆல்பத்துக்காக: யுகோஸ்லாவியா, 1941. ஜெர்மனியும் கூட்டாளிகளும் அந்த நாட்டைப் பங்கு போட்டுக்கொண்ட வருடம்.

வழக்கமாக வியாபாரிகள் குரோஷியாவை ஒரு பெட்டியிலும் செர்பியாவை இன்னொரு பெட்டியிலும் போட்டுவிடுவார்கள். இவர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பரப்பியிருக்கிறார். நாலு வரிசையிலும் ஒரே முகம். ராஜா இரண்டாம் பீட்டர், மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். முதல் வரிசையில் அவன் முகத்தின் மேல் 'சுதந்திர குரோஷிய அரசு' என்று ஓவர்பிரிண்ட், அதாவது பழைய ஸ்டாம்பின் மேலேயே புது எழுத்து அச்சடிப்பது. அடுத்தது இத்தாலிக்காரர்கள் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் அடித்த 'கோ. சி.', அவர்களுடைய சிவில் நிர்வாகத்தின் சுருக்கம். மூன்றாவது, அதே இத்தாலி பிடித்த மொண்டெனேக்ரோ. 17-4-41 என்ற தேதியும், பக்கத்தில் முசோலினியின் பாசிச ஆண்டுக் கணக்கும். நாலாவது ஜெர்மானியர் வைத்துக்கொண்ட செர்பியா.

மொண்டெனேக்ரோ ஸ்டாம்பிலுள்ள அந்த ஏப்ரல் 17-ல்தான் யுகோஸ்லாவிய ராணுவம் சரணடைந்து கையெழுத்துப் போட்டது. சண்டை தொடங்கியது ஏப்ரல் 6, பெல்கிரேடில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட காலையில். காரணமும் நீளமானதில்லை. மார்ச் 25-ல் அரசாங்கம் ஹிட்லர் பக்கம் சேர ஒப்புக்கொண்டது. 27-ல் ராணுவ அதிகாரிகள் அந்த அரசைக் கவிழ்த்து, 17 வயது பீட்டரிடம் முழு அதிகாரத்தைக் கொடுத்தார்கள். ஹிட்லருக்கு அது போதுமாக இருந்தது.

"ஜெர்மன்காரனை விடுங்க பாஸ், இதைப் பாருங்க" என்று பெரியவர் பக்கத்தைத் திருப்பினார். ஹங்கேரி. 1940 டிசம்பரில் யுகோஸ்லாவியாவோடு 'நிரந்தர நட்பு' ஒப்பந்தம் போட்ட நாடு. நாலே மாதத்தில் படையை அனுப்பி, வடக்கிலுள்ள பாச்கா வட்டாரத்தையும் இன்னும் சில பகுதிகளையும் எடுத்துக்கொண்டது. சொன்ன சொல்லை மீறப்போகும் அவமானம் தாங்காமல், படை நகரும் முன்பே, ஹங்கேரிப் பிரதமர் டெலெகி ஏப்ரல் 3-ஆம் தேதி தன்னையே சுட்டுக்கொண்டார். அதனால் எதுவும் நிற்கவில்லை. ஹங்கேரி பீட்டரின் முகத்தை அழிக்கக்கூட மெனக்கெடவில்லை, தன் ஸ்டாம்பின் மேலேயே 'தெற்கு திரும்புகிறது' என்று அடித்துக்கொண்டது. பல்கேரியா யுகோஸ்லாவியாவின் மக்கெதோனியாவில் நுழைந்த கையோடு அதைக் கொண்டாடித் தனி ஸ்டாம்பே போட்டது. ஜெர்மனி கதவை உடைக்கும்வரை காத்திருந்து, அப்புறம் சாமான் அள்ள வந்தவர்கள் இவர்கள்தான் என்பது பெரியவரின் கட்சி. எனக்கும் அதுதான் படுகிறது.

நான் கெடாவிலுள்ள சுங்கை பட்டாணிக்காரன். அதைச் சொன்னதும் கடைசிப் பக்கத்துக்குத் தாவினார். தாய்லாந்து எழுத்து, போர் நினைவுச் சின்னத்தின் படம், 1944. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு நான்கையும் ஜப்பான்காரன் 1943-ல் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, தூக்கிக் கொடுத்தபோது வெளிவந்த ஸ்டாம்ப். 1945-ல் பிரிட்டிஷார் திரும்பியதும் கைமாறிவிட்டது. எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் சயாம் என்றாலே ஜப்பான்காரனுக்கு ரயில் போடப் போய்த் திரும்பாதவர்களைத்தான் பேசுவார்கள். கெடாவே சயாமாக இருந்த காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை. பள்ளிப் பாடத்திலும் ஒரு வரியோ இரண்டு வரியோதான்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். எதிலும் விலை எழுதியிருக்காது. ஆளைப் பார்த்துச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் எனக்குண்டு. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரருக்கும் எனக்கும் ஒரே குரோஷிய வரிசைக்கு வேறு வேறு விலை வந்தது. பேரம் பேசலாம், கோபப்படமாட்டார். வெளிச்சம் போதாது, ஒரே ஒரு ட்யூப் லைட். ஓவர்பிரிண்ட் வாங்குகிறவர்கள் லென்ஸும் சின்ன டார்ச்சும் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் இந்த ரகத்தில் போலி ஏராளம். மலிவான அசல் ஸ்டாம்பை எடுத்து மேலே நாலு எழுத்து அடிப்பது பெரிய வித்தையா? ஜப்பான் காலத்துப் பினாங்கு ஸ்டாம்பில் ஒகுகாவா, உச்சிபோரி என்ற ஜப்பானிய அதிகாரிகளின் முத்திரை குத்தியவற்றையும் காட்டுவார். நிபுணர் சான்றிதழ் இல்லாமல் அவற்றைத் தொடாதீர்கள். கேட்டால் அவரே "சான்றிதழ் இல்லை பாஸ், உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுகிறார், அந்த நேர்மைக்கு ஒரு மார்க் சேர்த்துப் போடலாம்.

ரொக்கம் மட்டும்தான். மதியத்துக்கு மேல் போவது நல்லது, காலையில் அவர் எப்போது கதவைத் திறப்பார் என்பது அவருக்கே தெரியாது. புதிதாகச் சேர்ப்பவர்கள் செர்பியாவில் ஆரம்பிக்கலாம். அவர் சொன்ன விலைகளில் அதுதான் கைக்கு அடக்கமாக இருந்தது. நான் அதையும் ஹங்கேரி ஜோடியையும் வாங்கினேன். லுப்லியானா வரிசையை உடைத்து ஒன்றிரண்டாகத் தரமாட்டேன் என்கிறார். முழு செட்டுக்கு அவர் சொன்ன விலைக்கு வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.