போகிற வழி இறக்கமா?

பொங்கலுக்கு லண்டனிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிறு நகரமான சுங்கை சிப்புட் சென்றிருந்தபோது, திரும்பும் விமானச் சீட்டைக் கடைத்தெருவில் உள்ள ஒரு பயண முகவரிடமே எடுத்தேன். வேலை விரைவாகத்தான் முடிந்தது. ஆனால் அவர் அச்சடித்துத் தந்த தாளில், கோலாலம்பூரில் இரவு 11.30க்குப் புறப்பாடு, லண்டனில் மறுநாள் காலை 5.30க்கு வருகை, பயண நேரம் 6 மணி என்று இருந்தது. நெடுங்காலம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியப்பா, நான் வந்த சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் லண்டனில் காலை 11.00, கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் மறுநாள் காலை 8.00. "வர்றதுக்கு 21 மணி, போறதுக்கு 6 மணியா? ஏம்பா, போற வழி இறக்கமா?" என்றார்.

முகவர் செய்த பிழை எளியது: இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டார். ஜனவரியில் மலேசியா பிரிட்டனைவிட 8 மணி முன்னால் இருக்கிறது. பிரிட்டனின் கோடைக்காலத்தில் அது 7 ஆகும். ஆகவே வரும்போது 13 மணி, போகும்போது 14 மணி. கடிகாரத்தைத் தள்ளி வைப்பது பெரியப்பாவுக்குப் புதிதல்ல. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா அரை மணி நேரத்தை முன்னே தள்ளியதையும், அதன்பின் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) இன்னும் இருட்டில் போய் நின்றதையும் அவரே நினைவுகூர்ந்தார். எஞ்சிய ஒரு மணி வேறுபாட்டுக்குக் காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்று; வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது எதிர்க்கிறது.

தூரத்தைக் காட்ட, தங்கை மகனின் பூகோள உருண்டையில் தையல் நூலை இழுத்துப் பிடித்தோம். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடா, தென்னிந்தியா வழியாக வரும். நூலோ பெர்லினை ஒட்டி, உக்ரேன், ஆப்கானிஸ்தான் மேலாக வந்து, ஒடிசாக் கரையில் வங்கக் கடலுக்குள் இறங்கியது. அந்தக் குறுக்கு வழி ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். ஆனால் விமானங்கள் அப்படியே பறப்பதில்லை. 2022 பிப்ரவரி முதல் உக்ரேன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் வந்துகொண்டிருந்த மலேசியப் பயணிகள் விமானம் எம்எச்17 அங்குதான் சுட்டு வீழ்த்தப்பட்டது. நூல் அந்த இடத்தைக் கடந்தபோது பெரியப்பா ஒன்றும் பேசவில்லை.

தரைப் பயணத்தையும் சொல்ல வேண்டும். கேஎல்ஐஏ எனப்படும் கோலாலம்பூர் விமான நிலையத்தின் முதல் முனையத்திலிருந்து நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் வரையுள்ள 57 கிலோமீட்டரை விரைவு ரயில் 28 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. குறையே சொல்ல முடியாது. அங்கிருந்து ஈப்போவைத் தாண்டி வடக்கே செல்லும் மின்ரயில்களில் சில மட்டுமே சுங்கை சிப்புட்டில் நிற்கும் என்பதை முன்பே பார்க்காதது என் தவறு. குடிநுழைவு வரிசை, பெட்டிக்கான காத்திருப்பு, நிற்கும் ரயிலுக்கான காத்திருப்பு எல்லாம் சேர்ந்து, 300 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தைக் கடந்து வீட்டு வாசலில் இறங்கியபோது பிற்பகல் 3 மணி. 10,600 கிலோமீட்டருக்கு 13 மணி, இதற்கு 7 மணி!

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு முகவரிடம் போனோம். அவர் மறுக்காமல் 6ஐ அடித்து, பேனாவால் 14 என்று எழுதினார். பெரியப்பா விரல்விட்டு எண்ணிப் பார்த்த பிறகே தாளை மடித்து என்னிடம் தந்தார்.