நீர்கொழும்பு எஞ்சின் கடையும் அரைநாள் பாடமும்

கடைக்காரர் முதலில் கேட்டது படகின் பின்பலகை எத்தனை அங்குல உயரம் என்றுதான். விலைப் பேச்சு அதற்குப் பிறகுதான். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. 15 அங்குலப் பலகைக்குக் குட்டைக் கால் எஞ்சின், 20 அங்குலத்துக்கு நெட்டைக் கால். மாற்றிப் பூட்டினால் ஒன்று தண்ணீரைத் தள்ளும் காற்றாடி காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும், இல்லையென்றால் அளவுக்கு மீறி ஆழத்தில் இழுபடும்.

நீர்கொழும்புக் களப்புக் கரையில், படகின் பின்பலகையில் பூட்டும் பழைய அவுட்போர்ட் எஞ்சின்களைக் கழற்றிச் சரிபார்த்து விற்கும் சின்னக் கடை. பெயரைப் போடவில்லை, குறைகளையும் எழுதப்போகிறேன். நான் வாங்கியது பழைய ஜப்பான் மாடல், 5 குதிரைவலு, டூ ஸ்ட்ரோக். மலைநாட்டில் எங்கள் நோர்வூட்டிலிருந்து கினிகத்தேன, கித்துல்கல வளைவெல்லாம் இறங்கி அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று வீட்டில் கேட்டார்கள். எஞ்சினுக்காக மட்டும் என்றால் வேண்டியதில்லை. வாங்குகிறவருக்கு அரைநாள் களப்பில் வைத்துச் சொல்லித் தருகிறார்கள், காசு தனியாகக் கேட்பதில்லை. அதற்காகப் போகலாம்.

சொல்லித் தந்தவர் வயதான ஒரு மெக்கானிக் பாஸ். தமிழும் சிங்களமும் கலந்துதான் பேச்சு. "தம்பி, கயித்துல கை வைக்க முன்னம் ஒழுங்கா எல்லாத்தையும் பாருங்க" என்று நிறுத்திவிட்டார். பெற்றோல் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க வேண்டும். பெற்றோல் குழாயிலுள்ள ரப்பர் குமிழைக் கல்லாகும்வரை அமுக்க வேண்டும். கியர் நடுவில் இருக்க வேண்டும். சிவப்புச் சுருள் கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்க வேண்டும், ஆள் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அந்தக் கயிறுதான். சோக்கை இழுத்து, இழுகயிற்றை மெதுவாக இழுத்துப் பிடிமானம் தெரிந்த பிறகே ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். பலமாக இழுப்பவனுக்குத்தான் எஞ்சின் பிடிக்கும் என்று நம்மூரில் ஒரு நினைப்பு. அப்படியில்லை.

எஞ்சின் பிடித்ததும் அவர் கண் போனது பின்பக்கம் பீச்சும் மெல்லிய தண்ணீர்க் கோட்டுக்கு. உள்ளே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அதுதான். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்த வேண்டும். துளையில் குப்பை அடைத்திருந்தால் தூண்டில் நைலோன் துண்டு போதும். அடைப்பு இல்லையென்றால் உள்ளே தண்ணீரை ஏற்றிவிடும் ரப்பர் இம்பெல்லரைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் இல்லாமல் கரையில் வைத்து "சும்மா ஒருக்கா" இயக்கிப் பார்ப்பவர்களால் அது கருகிப்போகும். வீட்டில் இயக்கிப் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினின் கால் முங்கும் அளவுக்கு ஒரு பீப்பாய்த் தண்ணீர் வேண்டும்.

பெற்றோலில் கலக்கும் எண்ணெய்க் கணக்கும் தெளிவாகச் சொன்னார். 50க்கு 1 என்றால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி. எனக்கு விற்றதில் பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டிருந்தபடியால் முதல் 10 மணி நேர ஓட்டத்துக்கு 25க்கு 1, அதாவது 40 மில்லி. கியர் ஒயிலைக் கழற்றும்போது பால் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக ஊற்றும்போது கீழ்த் துளை வழியாக ஏற்றி, மேல் துளையில் வழிந்தால்தான் நிரம்பியதாகக் கணக்கு.

இவ்வளவும் நல்லது. ஆனால் அந்தப் பாடம் முழுக்கக் கடல் மட்டத்துப் பாடம். உப்புத் தண்ணீர் அரிப்புக்கு எப்படிக் கழுவுவது என்று வெகுநேரம் பேசினார். நான் படகு விடும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் உப்பு ஏது? மாறாக, இங்கே உயரம் கிட்டத்தட்ட 1,100 மீற்றர். காற்று ஐதாக இருப்பதால் எஞ்சின் பலம் 300 மீற்றருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். கூட்டிப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. காற்று குறைந்தாலும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேட்டர் விடும் பெற்றோல் அதே அளவில் குறைவதில்லை. அதனால் புகை கக்கி, புளக் கரி பிடித்து நின்றது. ஹட்டனில் மோட்டார்சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் காபுரேட்டரில் பெற்றோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக மாற்றித் தந்த பிறகுதான் சீரானது. இப்படி மாற்றிய எஞ்சினைத் திரும்பக் கீழே களப்புக்குக் கொண்டுபோய் ஓட்டக்கூடாது. அங்கே பெற்றோல் பற்றாமல் சூடேறிப் பிஸ்டன் போய்விடும். மலைக்கு எடுத்துப் போகிறேன் என்று வாங்கும்போதே சொல்லியும் கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. என் பெரிய மனக்குறை இதுதான்.

அடுத்தது முள்ளாணி. காற்றாடி எதிலாவது இடித்தால் கியரைக் காப்பாற்றத் தான் முறிந்துகொள்ளும் சின்ன ஆணி. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது நம் நீர்த்தேக்கங்களில் அடிமரக் கட்டைகள் மேலே வந்துவிடும். மஸ்கெலியாப் பக்கம் மவுசாக்கலையில் முங்கிய பழைய ஊரின் கோயிலே தலைகாட்டுகிறது, கட்டைக்கா பஞ்சம்? உதிரி ஆணி ஒன்றுகூட எஞ்சினோடு வரவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். ஆணிகள், ஒரு குறடு, துடுப்பு, உயிர்காப்பு அங்கி நான்கும் இல்லாமல் நான் இப்போது கரையை விடுவதில்லை.

இன்னொன்று, கையில் தந்த குறிப்புத்தாள் முழுக்கச் சிங்களம். எனக்கு வாசிக்க வரும், என் பெரியப்பாவுக்கு வராது. படகை அதிகம் ஓட்டுபவர் அவர்தான். தமிழிலும் ஒரு தாள் அடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? தொலைபேசியை எடுப்பதும் அவர்கள் மனநிலையைப் பொறுத்தது.

இருந்தாலும் முதல்முறை படகு வாங்குபவர்களுக்கு இந்தக் கடையைத்தான் சொல்வேன். ஜெட் விஷயத்தை நீங்களே வாய்திறந்து கேளுங்கள். லொறியில் ஏற்றும்போது எஞ்சினின் தலைப்பக்கம் காலைவிட மேலே இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே தங்கிய தண்ணீர் சிலிண்டருக்கு இறங்கும். தண்ணீரில் குளிரும் படகு எஞ்சினுக்கான, டி.சி.டபிள்யூ-3 என்று போட்ட ஒயிலையும் அங்கேயே இரண்டு மூன்று போத்தல் வாங்கிவிடுங்கள். ஹட்டனில் நான் ஏறி இறங்கிய கடைகளில் டூ ஸ்ட்ரோக் ஒயில் என்று கேட்டால் த்ரீவீல் ஒயிலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, இதற்கு ஆகாது.