மங்கோலிய நாடோடிக் குடும்பத்துடன் தங்கும் பயணம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

2024 ஆகஸ்டில் என் கணவர், அவருடைய தம்பி, என் ஓரகத்தி, நான் என நான்கு பேர் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் எட்டு நாள் தரைவழிப் பயணம் போய்வந்தோம். தலைநகர் உலான்பாத்தரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பயண நிறுவனத்துக்குத் தலைக்கு 1,150 டாலர் வீதம் 4,600 டாலர் கொடுத்தோம். எங்களுக்குச் சொன்னவற்றில் பலவற்றை அந்த நிறுவனம் செய்யவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். எங்களைத் தன் கூடாரத்தில் தங்கவைத்து இரண்டு நாள் சமைத்துப் போட்ட மேய்ச்சல் குடும்பத்துக்கு, அவர்கள் பெயரைச் சொல்லி எங்களிடம் வசூலித்த பணத்திலிருந்து ஒரு துக்ரிக் (மங்கோலிய நாணயம்) கூடப் போகவில்லை என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் பணம் போனதைவிட அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு நிறுவனம் எங்களுக்கு ஒரு செலவுப் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியது. ஓட்டுநர் வேறு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேறு என இருவர் எட்டு நாளும் உடன் வருவார்கள். அவசரத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கும். புலால் உண்ணாத என் ஓரகத்திக்குத் தனிச் சமையல் உண்டு. ஏழு இரவுகளில் மூன்றை நாடோடிக் குடும்பங்களோடு கழிப்போம் என்றெல்லாம் அதில் இருந்தது. "நாடோடிக் குடும்ப விருந்தோம்பல்: தலைக்கு, இரவுக்கு 35 டாலர்" என்று ஒரு தனி வரியும் இருந்தது. வேறு இரண்டு நிறுவனங்கள் இதைவிடக் குறைவாகக் கேட்டிருந்தும் நாங்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த வரியே காரணம். போகிற இடத்து மக்களின் கைக்கு நேராகப் பணம் போகிறது என்றால் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை என்று நினைத்தோம்.

பாதிப் பணத்தை ஊரிலிருந்தே கடன் அட்டையில் கட்டினோம். மீதி 2,300 டாலரை ரொக்கமாகத்தான் வாங்குவோம் என்றார்கள். உலான்பாத்தர் அலுவலகத்தில் அதைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்கள், முத்திரை இல்லை. மங்கோலியாவில் கடையில் ரொட்டி வாங்கினால்கூட இ-பாரிம்ட் என்ற வரி ரசீது தருவார்கள். 2016 முதல் அந்த முறை நடைமுறையில் இருக்கிறது. அதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வழிகாட்டி என்று அறிமுகமான இளம்பெண் எங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்ற உதவினார். தனக்கு அவசர வேலை இருப்பதாகவும், தலான்சத்காத் நகரில் வந்து சேர்ந்துகொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் பயணம் முடியும்வரை வரவேயில்லை. எங்களோடு இருந்தவர் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டுநர் மட்டுமே. அவருக்கு மங்கோலிய மொழியும் ரஷ்ய மொழியும் தெரியும். ஆங்கிலத்தில் இருபது சொற்கள் தெரியும். வண்டி அந்நாட்டில் புர்கோன் என்று அழைக்கப்படும் பழைய ரஷ்ய வேன். எங்கே பழுதானாலும் ஓட்டுநரே கழற்றிச் சரிசெய்துவிடலாம் என்பதால் பாலைவனத்துக்கு ஏற்ற வண்டிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருக்கைப் பட்டை இல்லை, மாற்றுச் சக்கரம் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் தேய்ந்து வழவழத்திருந்தது. செயற்கைக்கோள் தொலைபேசி எங்கே என்று சைகையில் கேட்டதற்கு ஓட்டுநர் தன் சட்டைப் பையிலிருந்த சாதாரணக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். தலைநகரிலிருந்து தலான்சத்காத் வரை ஏறக்குறைய 550 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை இருக்கிறது. அதை விட்டு இறங்கிவிட்டால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும் வண்டித்தடங்கள்தான், பல மணி நேரம் எதிரே ஒரு வண்டிகூட வராது.

சகான் சுவர்காவில் கழித்த முதல் இரவு நாடோடிக் குடும்பத்தோடு என்று பட்டியலில் இருந்தது. நாங்கள் இறக்கிவிடப்பட்ட இடத்திலோ எண் போட்ட இருபது கூடாரங்கள் சிமெண்ட் தளத்தின் மேல் வரிசையாக நின்றன. சுத்தமான சுற்றுலா முகாம்தான். ஆனால் அங்கே குடும்பமும் இல்லை, ஆடுமாடும் இல்லை. அடுத்து யோலின் ஆம் பள்ளத்தாக்கு. ஆண்டு முழுவதும் உறைபனி கிடக்கும் என்று விளம்பரத்தில் படத்தோடு போட்டிருந்த அந்த இடுக்கில், ஆகஸ்டில் ஓடை நீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கோடையிலும் அங்கே பனி தங்கியது உண்மை. இப்போது பெரும்பாலும் கோடை முடிவதற்குள் கரைந்துவிடுகிறது. பனியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோடையின் தொடக்கத்திலேயே போய்விட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இடம் அழகானது, பாறை உச்சியில் ஒரு தாடிக்கழுகையும் பார்த்தோம். அந்தப் பறவையின் பெயர்தான் பள்ளத்தாக்குக்கும்.

மூன்றாம் நாள் மாலை கோங்கோரின் எல்ஸ் மணல்மேடுகளுக்கு அருகே ஒரு கூடாரத்தின் முன் வண்டி நின்றது. ஓட்டுநர் சன்னலைத் திறந்து "நோகோய் ஹோர்!" என்று குரல் கொடுத்தார். நாயைப் பிடி என்பது அதன் பொருள். வருகிறவர் யாரானாலும் இப்படிக் கூவித்தான் வரவை அறிவிப்பார்களாம், கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. ஆரஞ்சு வண்ணம் பூசிய தெற்கு வாசலிலிருந்து எழுபது வயதுப் பாட்டி ஒருவர் வெளியே வந்தார். ஓட்டுநர் அவரை எமே என்று அழைத்தார், நாங்களும் அப்படியே அழைத்தோம். எங்களை உள்ளே மேற்குப் பக்கம் உட்காரவைத்து, உப்பிட்ட பால்தேநீரும், ஒட்டகப்பாலைப் புளிக்கவைத்த கோர்மோக்கும் கொடுத்தார். ஓரகத்தி புலால் உண்ண மாட்டாள் என்று அவருக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவருடைய பேத்தி மூலம் அது தெரிந்தவுடன் எழுந்துபோய் அரிசியைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

வழிகாட்டி இல்லாததால் என்ன ஆகும் என்பதை அன்றிரவு கண்டேன். கொழுந்தனார் கையைத் துடைத்த காகிதத்தைக் கூடாரத்தின் நடுவில் எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டுவிட்டார். மங்கோலியர்களுக்கு அடுப்புத் தீ புனிதமானது. அதில் குப்பை போடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, அதன் பக்கம் காலை நீட்டக்கூடாது. எமே ஒன்றும் சொல்லவில்லை. சாண வறட்டியை எடுக்கும் இடுக்கியால், ஓரம் கருகத் தொடங்கியிருந்த அந்தக் காகிதத்தை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அணைத்தார். பிறகு கரண்டியில் கொஞ்சம் வெண்ணெய் எடுத்துத் தீயில் விட்டார். நம் வீட்டில் விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்ட விருந்தாளியை நாம் பார்ப்பதுபோல அவர் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவே எதையும் கை மாற்றக்கூடாது, வாசல்படியை மிதிக்கக்கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தருவதற்குத்தான் வழிகாட்டிக்கு நாங்கள் பணம் கட்டியிருந்தோம்.

பேத்திக்குப் பதினான்கு வயது. பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிற அந்தப் பெண், செப்டம்பரில் பள்ளி திறக்கும்வரை வீட்டில் இருந்தாள். நிதானமாக, நல்ல ஆங்கிலம் பேசினாள். நாங்கள் அங்கே தங்கிய இரண்டாம் நாள் மாலை அவள் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு கட்டம் போட்ட பள்ளி நோட்டைக் கொண்டுவந்து, நிறுவனம் எங்களிடம் ஏதாவது பணம் கொடுத்து அனுப்பியதா என்று பாட்டி கேட்கச் சொன்னதாகச் சொன்னாள். நோட்டின் ஒரு பக்கத்தின் மேலே நிறுவனத்தின் பெயர். அதன் கீழே தேதி, ஆள் எண்ணிக்கை, இரவு என்று நீல மையில் வரிவரியாக எழுதியிருந்தது. ஜூன் தொடக்கத்திலிருந்து பதினோரு வரிகள். பணம் வந்த முதல் இரண்டுக்கு மட்டும் சிவப்பில் குறி இட்டிருந்தது. பதினோராவது வரி நாங்கள். ஒருவருக்கு ஓர் இரவுக்கு அந்தக் குடும்பம் கேட்டது 40,000 துக்ரிக், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 டாலர். எங்களிடம் அதற்கென்று வாங்கியது 35 டாலர். இந்த இடைவெளியை அலுவலகச் செலவு, இலாபம் என்று எப்படியோ நியாயப்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 12 டாலரையும் கொடுக்காமல் விட்டதை என்னவென்று சொல்வது?

பணம் வராத பிறகும் ஏன் விருந்தினரை ஏற்கிறீர்கள் என்று கேட்டேன். பேத்தி பாட்டியிடம் கேட்டுவிட்டு, வந்தவர்களை எங்கே அனுப்புவது என்று பாட்டி திருப்பிக் கேட்பதாகச் சொன்னாள். அடுத்த கூடாரம் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கும் நிலத்தில், குளிர்காலத்தில் மைனஸ் 30 பாகைக்கும் கீழே இறங்கும் குளிரில், வழிப்போக்கருக்கு இடம் தராவிட்டால் அவர் செத்துப்போவார். அந்த நிலையில் உருவான வழக்கம் அது. நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டால் எமே யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் வியாபாரம் நடக்கிறது. அந்தப் பணம் அவர்களுக்குச் சிறியதும் அல்ல. 2023-24 குளிர்காலத்தில் மங்கோலியாவில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. புல்லைப் பனி மூடி இறுகி, கால்நடைகள் மேய வழியின்றிப் பட்டினியாலும் குளிராலும் சாகும் அந்தப் பேரிடரை அவர்கள் சுத் என்கிறார்கள். இந்தக் குடும்பம் அறுபது ஆடுகளை இழந்திருந்தது. கம்பளி வருமானம் குறைந்த ஆண்டில் விருந்தினர் பணத்தை நம்பித்தான் இரண்டாவது கூடாரத்துக்குப் புதுக் கம்பளம் வாங்கியிருந்தார்கள், அதுவும் கடனில்.

புறப்படும் காலையில் எங்கள் இரண்டு இரவுக்கான 3,20,000 துக்ரிக்கையும், அதோடு பழைய பாக்கிக்கென்று எங்களால் முடிந்ததையும் சேர்த்துக் கொடுத்தோம். எமே எண்ணிப் பார்த்து எங்கள் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பதினோராவது வரிக்குச் சிவப்புக் குறி இட்டுவிட்டு, மீதியை என் கணவரின் கையிலேயே திருப்பி வைத்தார். மற்றவர்கள் கடனை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டதாகப் பேத்தி சொன்னாள். நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் வாங்கவில்லை.

பாயன்சாக் செம்பாறைகளைப் பார்க்கப் போகும் வழியில் புல்கான் சும் (சும் என்றால் மாவட்டம்) எரிபொருள் நிலையத்தில் வண்டியை நிறுத்திய ஓட்டுநர், நிறுவனம் தனக்குப் பாதி வழிக்கான பணமே தந்ததாகச் சைகையாலும் கைப்பேசிக் கணிப்பானாலும் விளக்கினார். இரண்டு இலட்சம் துக்ரிக்குக்கு நாங்களே நிரப்பினோம். அவர்மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, அவரும் எங்களைப்போல ஏமாற்றப்பட்டவர்தான். 1923-இல் அமெரிக்க ஆய்வாளர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸின் குழு டைனோசர் முட்டைக் கூடுகளைக் கண்டெடுத்த இடம் பாயன்சாக். அங்கே கைவினைப் பொருள்களுக்கு நடுவில் முட்டை ஓட்டுத் துண்டு என்று ஒருவர் ஏதோ ஒன்றை எங்களிடம் நீட்டினார். உண்மையானதோ போலியோ, வாங்காதீர்கள். மங்கோலியப் புதைபடிவங்கள் அரசுக்குச் சொந்தமானவை, நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். 2012-இல் நியூயார்க்கில் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஏலம்போன டார்போசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டையே வழக்காடி 2013-இல் திரும்பப் பெற்ற நாடு அது.

தலைநகர் திரும்பியதும் அலுவலகத்துக்குப் போனோம். பணம் வாங்கியவர் ஊரில் இல்லை என்றார்கள். குடும்பங்களுக்குப் பருவம் முடிந்த பிறகு மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பதுதான் வழக்கம் என்றும், வழிகாட்டி வராதது அவருடைய சொந்தக் காரணம் என்றும் சொன்னார்கள். இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது, மூன்றாவதற்கு வரவில்லை. அட்டையில் கட்டிய தொகை குறித்து வங்கியில் புகார் கொடுத்து, வழிகாட்டிக்கான பங்கு மட்டும் நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ரொக்கமாகக் கொடுத்ததற்கு எங்களிடம் அந்த வெள்ளைத்தாளைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை.

இதே பயணத்துக்குத் திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: குடும்பத்துக்கான தங்கும் கட்டணத்தை மொத்தத் தொகையிலிருந்து கழிக்கச் சொல்லி, அதை நாங்களே அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கிறோம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நேர்மையான நிறுவனம் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணமே இல்லை. மறுத்தால் வேறு இடம் பாருங்கள். எந்த ஐமாக் (மாகாணம்), எந்த சும், யாருடைய கூடாரம் என்று முன்கூட்டியே கேளுங்கள். மேய்ச்சலுக்காக இடம் மாறுவார்கள் என்பதால் துல்லியமான இடம் சொல்ல முடியாமல் போகலாம், ஆனால் குடும்பம் யார் என்று சொல்ல முடியாதவர்களுக்குக் குடும்பமே இல்லை என்றுதான் பொருள். வழிகாட்டியின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், அவர் வராத ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு குறையும் என்பதும் இருக்கட்டும். புறப்படும் காலையில் மாற்றுச் சக்கரத்தையும் செயற்கைக்கோள் தொலைபேசியையும் கண்ணால் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள். காவல்துறைக்கு 102, மருத்துவ உதவிக்கு 103, தீயணைப்பு மற்றும் அவசர மீட்புக்கு 101 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கைப்பேசிக்கு மணல்மேட்டுப் பக்கம் பெரும்பாலும் இணைப்பு கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கோபியில் குடும்பத்தோடு தங்கும் ஒவ்வோர் இரவும் வெந்நீர்க் குளியல் உண்டு என்று எழுதியிருந்தால் அந்தப் பட்டியலையே நம்பாதீர்கள். எமேயின் மகன் குடிக்கும் நீரைக் கிணற்றிலிருந்து பிளாஸ்டிக் கேன்களில் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்ததைப் பார்த்தேன், போய்வர அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நவம்பரில் பேத்தி ஓட்டுநரின் கைப்பேசியிலிருந்து எங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். நோட்டில் மீதி எட்டு வரிகளுக்கு இன்னும் சிவப்புக் குறி விழவில்லையாம். 2025 கோடைக்கான முன்பதிவை அந்த நிறுவனம் அதற்குள் தொடங்கியிருந்தது. விளம்பரத்தில் இருந்தது எமேயின் கூடாரம்தான், அந்த ஆரஞ்சுக் கதவைப் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.